இஞ்ச் டேப்

ஐப்பசி மழையின் மூன்றாம் நாள்.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் என்று
ஆம்புலன்ஸ் பேசின்பாலம் சுற்றி வந்தது.
வேதவல்லி, நாற்பத்தொன்று, வியாசர்பாடி,
பிளவுஸ் தைப்பவர்.
பாத்ரூமுக்கு எழுந்தவர் நிலைப்படியிலேயே சரிந்தார் என்பதுவரை
சீட்டில் படிக்க முடிந்தது.
மிச்சத்தில் மழை விழுந்து எல்லாம் ஊதா.

பிரஷர் எழுபது. நாடி நூற்று நாற்பது.
முகமூடி நிறைய ஆக்ஸிஜன், ஆனாலும் எண்பத்திரண்டு.
ஸ்டெதஸ்கோப் வைத்தால்
நெஞ்சு சுத்தமாகக் கேட்டது.
அதுதான் பயம்.
சளி இல்லை, விசில் இல்லை,
காற்று தாராளமாய் உள்ளே போகிறது,
போய்ச் சும்மா திரும்புகிறது,
அதைப் பார்க்க ரத்தம் வரவில்லை.

"மாரடைப்பா மேடம்?" என்றான் இன்பராஜ்.
இசிஜி தாளில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.
எனக்குப் பாதி.

போர்வையை விலக்கினேன்.
இடது கால் பளபளவென்று இருந்தது.
ஐந்து வாரம் மாவுக்கட்டில் கிடந்து
முந்தாநாள்தான் வெளிச்சம் பார்த்த கால்.
அளக்கலாமென்றால்
வார்டு டேப் போன மாதமே காணாமல் போயிருந்தது.
சிஸ்டர் ரோஸ்லின் அந்த அம்மாவின் பையைக் கவிழ்த்தார்.
ரேஷன் கார்டு, கொக்கி அட்டை, அரைக் கண்டு அரக்குநூல்,
முனை நைந்த மஞ்சள் இஞ்ச் டேப்.

வலது கெண்டைக்கால் பன்னிரண்டரை.
இடது பதினைந்து.
மறந்துவிடுவேனென்று டேப்பிலேயே
பேனாவால் கோடு போட்டேன்.

எக்கோ திரையில் இதயத்தின் வலது அறை
உப்பி, இடதைச் சுவரோடு நெருக்கிக்கொண்டிருந்தது.
அதே கணேசபுரம்தான்:
இந்தப் பக்கம் பஸ் ஜன்னல்வரை தண்ணீர்,
அந்தப் பக்கம் வெறும் ரோடு.
காலில் உறைந்த ஒரு துண்டு
நுரையீரல் வாசலில் போய்க் குறுக்கே படுத்திருக்கிறது.
ஸ்கேன் எடுத்து உறுதி செய்யலாம்.
ஸ்கேன் இரண்டு மாடி கீழே.
லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம்
அவரிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

கரைக்கும் ஊசி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரியில்.
சாவி என்னிடம்.
ஆடி மாதம் ஆறாம் படுக்கைக்கு இதே ஊசி.
கட்டி அழகாகக் கரைந்தது.
விடியும்போது மூளைக்குள் ரத்தம்.
அவருடைய ரப்பர் செருப்பு
இரண்டு நாள் கட்டிலடியில் கிடந்தது,
யாரும் எடுக்கவில்லை, நானும்.

வராந்தாவில் அவர் கணவர் ஏகாம்பரம்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறார்,
முட்டிவரை நனைந்த லுங்கி.
சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன்.
கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:
"போட்டா ரத்தம் நிக்காதுன்றீங்க,
போடலன்னா ரத்தம் ஓடாதுன்றீங்க.
இதுல நான் எங்கம்மா கையெழுத்து போடறது?"

பேனாவை நீட்டினேன்.
இடம் காட்டினேன்.
என் விரலும் நிலையாக இல்லை,
அவர் பார்த்தார், பார்த்த பிறகுதான் போட்டார்.

மூன்று இருபதுக்கு ஊசி.
அதன்பின் எங்களுக்கு வேலையில்லை,
அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.
மூன்றே முக்காலுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது.
இன்பராஜ் டார்ச் அடித்துக் கண்மணிகளைப் பார்த்தான்,
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை,
பிறகு ஐந்துக்கு ஒருமுறை.
பிரஷர் எழுபத்தாறு. எழுபத்து நாலு.
ரோஸ்லின் டீ வாங்கி வந்து வைத்தார், ஆடை படிந்தது.
எண்பத்தெட்டு.
யாரும் எதுவும் பேசவில்லை, திருஷ்டி பட்டுவிடும்போல.
நூற்றிரண்டு.

ஐந்தரைக்கு மழை விட்டது.
முதல் யூனிட் ரயில் சென்ட்ரலுக்குள் நுழையும் சத்தம்
ஏசிக்குப் பின்னாலிருந்து கேட்டது.

ஏழு மணிக்குக் கண் திறந்து,
முகமூடியை ஒதுக்கி,
"என் பை" என்றார்.
கொடுத்தோம்.
ஒவ்வொன்றாக எண்ணியவர் என்னைப் பார்த்தார்.
கோட் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தேன்.

இனி ஆறு மாதம் ரத்தம் இளக்கும் மாத்திரை,
மிதிக்கும் மெஷினை விட்டு மணிக்கொருதரம் எழ வேண்டும்,
திரும்ப வராதென்று என்னால் சொல்ல முடியாது,
இதையெல்லாம் எப்படி ஆரம்பிப்பதென்று யோசித்தேன்.
அவர் டேப்பை இரண்டு விரலில் இழுத்துப் பார்த்தார்.
பதினைந்தில் நின்றார்.

"தீபாவளிக்கு முப்பத்துநாலு பிளவுஸ் நிக்குது.
இதுல எவ கோடு போட்டது?"