மீதி முப்பத்தேழு நிமிடம்

நிபோங் தெபாலில் டயர் கடைக்கு மேல்மாடி.
எண்பத்தொரு நாற்காலி.
அதில் ஒன்பது, ஓடி ஓய்ந்த ஈப்போ பஸ்ஸில் கழற்றியவை.
உட்கார்ந்தால் எங்கோ போகிற மாதிரி இருக்கிறதாம்,
அவைதான் முதலில் நிரம்பும்.

மாதக் கடைசியில் பலகை எழுதுவது நான்.
மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பிளாஸ்டிக் எழுத்து
பலகையோடு வந்தது.
சீனத்தை ஆ ஹோக்கின் மகள் தூரிகையில் எழுதித் தருவாள்.
தமிழுக்கு,
தேர்தல் முடிந்தும் கம்பத்தில் தொங்கிய பதாகையை
அவிழ்த்து வந்து வெட்டினேன்.
'வெற்றி'யில் ஒரு வெ.
கொம்பை நறுக்கி விலங்கு மாட்டினால் வி.
'விரைவில்' என்பதற்கு இரண்டு வி வேண்டும்.
இரண்டாவது வேறு கட்சி. நிறம் ஒட்டவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை
பாலைவனத்தில் கிணறு வெட்டும் படம்.
இரண்டு மணி நேரம் வெட்டுகிறார்கள்.
தண்ணீர் வருமா என்று
சுங்கை பாக்காப்பிலிருந்து ஒருவர் போனில் கேட்கிறார்.
வந்து பாருங்கள் என்றேன்.
வராவிட்டால் எட்டு வெள்ளி தண்டம்தானே என்கிறார்.

செவ்வாய் காலை எட்டரைக்கு,
ஜூரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்தவர்களுக்காக.
நீலச் சட்டையைக் கழற்றாமல் வருவார்கள்
நேபாளிகள், நம் பெண்கள், கெடா பையன்கள் இருவர்.
சிரிப்புப் படம்தான் போடுகிறோம்.
பத்தாவது நிமிடம் அரங்கமே குறட்டை.
திரையில் சிரிப்பவர்களின் சத்தத்தை
நான் மெல்லக் குறைப்பேன்.
பாதிக் கட்டணம்.

மூன்றாம் வாரம் காலி.
அனுமதி இன்னும் வரவில்லை,
பெயரை எழுதவும் பயம்.
அந்தக் காலி இடத்தைத்தான்
அதிகம் பேர் போட்டோ எடுத்துப் போகிறார்கள்.

பிறகு, சிறப்புக் காட்சி.

போன மாதம் இடி இறங்கிய இரவு.
படகுத்துறையில் அவள் கடிதத்தைப் பிரிக்கிறாள்,
விரல் உறைக்குள் போகிறது,
ப்ரொஜெக்டர் விளக்கு போய்விட்டது.
நாற்பத்து மூன்று பேர்.
பணத்தைத் திருப்ப எண்ணிக்கொண்டிருந்தேன்,
யாரும் எழவில்லை.
"அது கடன் நோட்டீஸ்," என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் தவமலர்.
"தங்கை எழுதியது," என்றார் மலாயில் மக் ரொக்காயா.
டார்ச்லைட்டோடு ஏறி வந்த ஆ ஹோக்,
இதுவரை ஒரு படமும் முழுதாகப் பார்க்காதவர்,
"வெறும் தாள் லா," என்றார்.
அதற்குப் பிறகுதான் இருட்டு இருட்டானது.

கீழே மாமாக் கடையில், தே தாரிக் ஆற ஆற,
ஒரு மணி வரை படம் ஓடியது.
வில்லனைக் கொன்றார்கள்.
பாவம் என்று பிழைக்க வைத்தார்கள்.
பள்ளி பஸ் ஓட்டும் குணாளன் அவளைக் கூட்டிப்போய்
பட்டர்வொர்த்தில் ரயிலேற்றியே விட்டார்.

தீவிலிருந்து புது விளக்கு வந்தது.
சோதிக்க வேண்டுமே,
எண்பத்தொரு நாற்காலிக்கும் தனியாக ஓட்டினேன்.
கடிதத்தைப் படித்துவிட்டேன்.
சொல்ல மாட்டேன்.
ஆ ஹோக் சொன்னதைவிடச் சின்னது.

கடைசி ஞாயிறு, மீதி முப்பத்தேழு நிமிடம்,
கிழித்த டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசம்.
போடாமல் விட்டுவிடலாமா என்று
இரண்டு முறை டயர் கடை வரை இறங்கி
ஒன்றும் சொல்லாமல் ஏறி வந்தேன்.
அதற்குள் முப்பத்தொன்பது பேர் பெயர் தந்தாயிற்று.
தவமலர் மட்டும் வரமாட்டாளாம்.
எனக்கு அன்றே முடிந்துவிட்டது என்கிறாள்.
தம்பியிடம் டிக்கெட்டையும் முன்கதையையும் கொடுத்திருக்கிறாள்,
கதை அவள் சொன்னபடி.

'இலவசம்' எழுத ஒரு வ குறைந்தது.
'விரைவில்' தலைவி-க்கு
விலங்கைக் கழற்றிக் கீழே இறக்கினேன்.

மாலையில் அந்தத் தம்பி வந்து நின்றான்,
அண்ணாந்து எழுத்துக் கூட்டி,
"ரைவில். அது எந்த ஊர்ப் படம்?
எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்,
பஸ் சீட்டில்."