மிதியடிக் கணக்கு

மேசைமேல் மூன்று துண்டுகளை வைத்தார் கடைக்காரர்:
தேங்காய்நார். ரப்பர் முள்.
அலுமினியப் பட்டைகளின் இடையே சாம்பல் நைலான்.
"எதன்மேல் நம்ம பெயர் எடுப்பாகத் தெரியும்?"
என்றார் தசரதன் சார், கட்டட முதலாளி.
ரேணுகா காம்ப்ளெக்ஸ்.
அம்மன் பெயரை மிதிக்க விடலாமா சார் என்றேன்.
அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

நான் எண்ணியது வேறு.
ஆற்காடு சாலையின் எதிர்ப்பக்கம், பஞ்சர் கடை ஸ்டூலில்
ஒரு காலை முழுக்க உட்கார்ந்து
எங்கள் வாசலைப் பார்த்தேன்.
கீழே ரத்தப் பரிசோதனை, மேலே நகைக்கடன்,
அதற்கும் மேலே பல் டாக்டர்.
எட்டரைக்குள் நானூற்றுப் பதினாறு பேர்.
வலதுகால் இரண்டு முறை, இடதுகால் இரண்டு முறை
அழுந்தினால்தான் பாதம் தன் மண்ணை விடுகிறது.
பத்தடி வேண்டும் சார்.
மூன்றடிப் பாயை ஒரே எட்டில் தாண்டிவிடுவார்கள்,
அப்புறம் அது பாய் இல்லை, படம்.

மிதியடி என்றால்
காலில் போடுவதும் அதுதான்,
காலுக்குக் கீழே கிடப்பதும் அதுதான்.
எது எதைத் தேய்க்கிறது என்று
சொல்லாமலே விட்டுவிட்டது தமிழ்.

புதுப்பாய் விரித்த அன்று
ஒருவரும் அதை மிதிக்கவில்லை.
கல்கத்தாவிலிருந்து வந்த பெண்
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
சுவரோரமாக நடந்தாள்.
குடியாத்தம் பெரியவர் வெளியிலேயே கழற்றிவிட்டு
வெறுங்காலில், மன்னிப்புக் கேட்பதுபோல.
"மிதிங்கம்மா, மிதிக்கத்தான் போட்டிருக்கு"
வாட்ச்மேன் நசீருக்குத் தொண்டை கட்டியது.
ஒரு வாரம் கழித்துப் பார்த்தால்
பாய் பளிச்சென்று,
அதன் இரு பக்கமும் இரண்டு மண்பாதைகள்.
சுவருக்குச் சுவர் அளந்திருக்க வேண்டும்.
என் தவறு. எழுதி வைத்தேன்.

இன்னொன்றும் எழுதினேன்:
ஓரம் மடங்கிய இடத்தில்
ஓர் ஊன்றுகோலின் முனை மாட்டியது.
அவர் விழவில்லை.
தரையை வெட்டிக் குழிக்குள் பதித்திருக்கலாம்,
கிரானைட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு.
அன்றிரவே சரிவுப் பட்டை ஒட்டினேன்,
பசை காயும்வரை பக்கத்தில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பச்சையம்மா வந்தாள்.
"ஒதறுனா போவாது சார், கவுத்துப் போட்டு முதுவுல தட்டணும்."
தட்டினாள்.
பாலாற்று மணல் முதலில் விழுந்தது, சரசரவென்று.
பிறகு மலையடிவாரச் செம்மண்,
ராணிப்பேட்டைப் பக்கமிருந்து வந்த ஏதோ வெள்ளைத்தூள்,
பஞ்சு, ஒரு மூக்குத்தித் திருகு,
யாருடையது என்று தெரியாத முடி.
காய்கறிக் கடைத் தராசில் போட்டோம்,
தக்காளியை இறக்கிவிட்டு.
இரண்டே கால் கிலோ.
ஒரு வாரத்துக்கு.

பாலிதீன் பையோடு சார் மேசையில் வைத்தேன்.
மாடிக்கு ஏறாத மண் சார் இது.
வெகுநேரம் பார்த்தார். பையை அமுக்கிப் பார்த்தார்.
"தொட்டிச் செடிக்குப் போடு" என்றார்.

ஐப்பசியில் இன்னொரு செட் கேட்டேன்.
ஊறிய பாய் துடைக்காது, காலுக்குச் சேறு ஊட்டும்.
ஒன்று உழைக்க, ஒன்று காய.
பாதிக்குத்தான் கையெழுத்துப் போட்டார்.
பாதி வாசல் நனைந்தே கிடந்தது கார்த்திகைவரை.

மழை பிடித்த ஒரு விடியலில்
பின்பக்கம் போனேன், மோட்டார் பார்க்க.
பச்சையம்மா உள்ளே நுழையும் கதவு அங்கேதான்.
பெருக்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான்.
அளவு எடுத்த நாளில் அந்தப் பக்கம் நான் வரவேயில்லை.
படியில், தூணுக்காக வெட்டியெடுத்த
இரண்டடிச் சாம்பல் நைலான் துண்டு,
முனைகளைச் சணலால் தைத்து.

"இன்னா சார் பாக்குற? குப்பையில கெடந்துச்சு."
ஒரு காலைத் துடைத்தாள். மறுகாலை.
மறுபடி முதல் காலை.

மாதக் கடைசியில் தசரதன் சார் பதிவேட்டைப் புரட்டினார்.
மீதித் துண்டு எங்கே?
கழிவு என்று எழுதியிருந்தேன்.