நாற்பது இலை

தபால் கந்தோரில் தந்தி அடித்த விரல் என்றுதான்
என்னைச் சேர்த்தார்கள்.
தொண்டர் கடற்படை. சனி ஞாயிறு,
வருடத்தில் பதினான்கு நாள் முகாம்.
சம்பளம் சிகரெட்டுக்குக் காணாது.
"சனிக்கிழமைக் கப்பல்காரன்" என்றது உவர்மலை ஒழுங்கை.

முதல் வருடம் தேய்த்தது: தளம், பித்தளை, கக்கூசு.
பிறகு கொடி. பிறகு விளக்கு.
உட்துறைமுகத்தின் கறுப்புத் தண்ணீருக்கு மேலால்
எதிர்க்கரைக்குச் சிமிட்டிக் கதைப்பது.
எதிர்க்கரையிலிருந்து விமலசூரிய சிமிட்டினான்:
பாண் முடிந்தது, பருப்பு மிச்சம்.
அதுதான் நான் படித்த முதல் இரகசியச் செய்தி.

கையில் ஒரு நங்கூரம், அதற்கு மேல் ஒரு கிரீடம்.
சிங்களச் சோதனையில் மூன்றாம் முறை தேறினேன்,
வினைச்சொற்களைச் சொல்லித் தந்த சலூன்காரன்
முடிவெட்டின காசை மட்டும் எடுத்தான்.
அலுமினியத் தட்டிலிருந்து பீங்கான் கோப்பைக்குப்
பதினெட்டு வருடம்.
நிரந்தரப் படைக்குத் தங்கத்தில் நேர்கோடு,
எங்களுக்கு வளைந்த கோடு.
கடலுக்கு எது பொருந்தும் என்று
வார்ட்ரூமில் யாரும் கேட்கவில்லை.

அந்த ஆடிக்குப் பிறகு
என் விரலை விட்டுவிட்டுக் காதைக் கேட்டார்கள்.
யன்னல் இல்லாத அறை. இரண்டு ரிசீவர், ஒரு மேசைவிசிறி.
கதவில் "களஞ்சியம்" என்று எழுதியிருந்தது.
"உங்கட ஆக்கள் கதைக்கிறது" என்றார் கொமாண்டர்,
மரியாதையாகத்தான்.

ஞாயிறு எனக்குச் சலூட் அடித்த பொடியன்
திங்கள் காலை, சைக்கிளில் வந்த என்னை இறக்கிச்
சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னான்.
திறந்தேன். புட்டு.
மூடித் தந்தான்.
அதே கிழமை கேற்றில் யாரோ ஒரு கடிதம் செருகிப் போனார்கள்.
செல்வமலர் வாசிக்காமலே அடுப்பில் வைத்தாள்,
சோறு வெந்தது.

கொட்டியார்க் குடாப் பக்கம் ஒரு குரல்.
மூன்று வருடம் கேட்டேன், பெயர் தெரியாது.
பேசமுன் இரண்டு தரம் இருமும்,
மூன்றாவதை அடக்கும்.
'ழ' வராது, அது இங்கே பாதிப் பேருக்கு வராது.
கச்சான் காற்றைத் தாய் தகப்பனோடு சேர்த்துத் திட்டும்.
ஒரு கார்த்திகை இரவு சொன்னது:
"கலியாணத்துக்கு நாப்பது இலை.
வெள்ளிக்கு முன்னம் வந்து சேரவேணும்."

நாற்பது பேரா. நாற்பது பெட்டியா.
இல்லை, நாற்பது வாழையிலைதானா?
என்னுடைய கலியாணத்துக்கு நூற்றைம்பது,
இருபது கிழிந்து வந்தது.
படிவத்தில் ஒரு கட்டம்: அதிகாரியின் கருத்து.
ஆறு மணிக்குக் கொழும்பு கேட்கும்,
ஏழுக்குப் படகுகள் வெளிக்கிடும்.
விசிறி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது.
எழுதினேன்: கலியாணம்.

அந்த வெள்ளி எதுவும் வெடிக்கவில்லை.
அடுத்த வெள்ளி வெடித்தது, வேறு குடாவில்.
ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்த விமலசூரிய
அந்தப் படகில் இருந்தான்.
அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்கிறது கோப்பு.
கோப்பை எழுதியவன் நான்.

இருபத்தொன்பது வருடம். சீருடையை எண்ணிக் கொடுத்தேன்,
ஒரு சோடிக் காலுறை குறைந்ததற்குக் காசு கட்டினேன்.
பதக்கம் பித்தளை.
தேய்க்கத் தெரியும்.

நேற்று மீன் சந்தையில்,
கத்திச் சத்தத்துக்கு மேலால் இரண்டு இருமல்.
மூன்றாவது வரவில்லை.
"கிளங்கான் வாங்குங்கோ ஐயா, இப்ப வந்தது."

நான் நினைத்ததைவிடக் கட்டையான ஆள்.
இடது காதில் பழைய வெட்டு.
அந்த மூன்று வருடம் செல்வமலரின் குரலைவிட
இந்தக் குரலைத்தான் கூடக் கேட்டேன்.
ஒரே ஒரு கேள்வி, நாக்கு நுனியில்.
மகளுக்கா, மகனுக்கா,
சாப்பாடு காணுமாய் இருந்ததா.

"என்ன ஐயா யோசிக்கிறியள்?"

"எத்தினை கிடக்கு?" என்றேன்.
ஈரக் கையால் எண்ணினான், வாய்க்குள்ளே.
எல்லாவற்றையும் போடச் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கு ஏன் இவ்வளவு" என்று
பையை வாங்கிப் பார்த்தாள் செல்வமலர்.