ஓராஜின் வாய் அளவு

பேர் ஓராஜ். எங்கள் பேச்சில் இடிமழை.
எண்ணூற்று நாற்பது கிலோ இடிமழை,
நடையில் மட்டும் தூறல்.
பதினோரு வருஷம் ஆர்டென் காட்டில் மரம் இழுத்தவன்.
இனி என்னை முதுகில் ஏற்றுவான் என்பது
அவனைக் கேட்காமல் நான் எடுத்த முடிவு.

கடையில் தொங்கிய கடிவாள இரும்பெல்லாம்
ஒல்லி முகக் குதிரைகளுக்கு:
பன்னிரண்டரை, பதிமூன்றரை சென்டிமீட்டர்.
"உங்களுடையதற்கு எவ்வளவு?" என்றான் வில்ஃப்ரீத்.
பிடித்த மீனைக் காட்டுவதுபோல்
கைகளை விரித்தேன்.
அளந்துகொண்டு வரச் சொன்னான்.

விளக்குமாற்றுக் காம்பை அறுத்து
இரண்டு ரப்பர் வளையம் மாட்டி
வாயின் குறுக்கே கொடுத்தேன்.
வளையத்தை உதட்டோரம் நகர்த்துவதற்குள்
காம்பைத் தின்னப் பார்த்தான்.
மூன்றாம் தடவை கிடைத்தது: பதினாறரை.
பக்கத்துக்குக் கொஞ்சம் விட்டால் பதினேழு.

தடித்த இரும்புதான் வாய்க்கு இதம் என்றார்கள்.
லாயத்துக்காரி ஜெர்மேன் சொன்னாள்,
பால் லாரி ஓட்டும் கஸ்பார் சொன்னான்,
குதிரையைத் தொட்டே இராத
என் விவாகரத்து வக்கீலும் சொன்னார்.
கட்டைவிரல் பருமனில் ஒன்று வாங்கி மாட்டினேன்.
மூன்று நாள் வாயைப் பிளந்தே நின்றான்.
டிசம்பர் அவன் தொண்டைவரை போய்ப் போய் வந்தது.

நான் பல் செட் செய்கிறவள்.
பிறர் வாயின் அச்சுகளோடு
பகல் முழுக்க ஒரே அறையில் இருக்கிறவள்.
எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

லேபிலிருந்து மெழுகுத் தகடு கொண்டுவந்தேன்.
வெந்நீரில் இளக்கி, உருட்டி,
ஆப்பிள் சாறு தடவி,
முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே
ஈறு மட்டும் இருக்கிற இடத்தில் வைத்து,
உதடுகளை மூடிப் பிடித்து இருபது எண்ணினேன்.
பதினான்கில் தும்மினான்.
மறுபடியும் ஒன்றிலிருந்து.

வெளியே வந்த மெழுகில் பார்த்தேன்:
நாக்கு. எங்கும் நாக்கு.
மேலே தாழ்ந்த கூரையாய் அண்ணம்,
கீழே உப்பிய ரொட்டியாய் அது.
நடுவில் மிஞ்சிய சந்தில்
என் சுண்டுவிரல் நுழையாது.
இத்தனை பெரிய தலைக்குள்
இத்தனை சின்ன அறை.
கட்டைவிரல் இரும்பு எங்கே போய் உட்காரும், பாவம்?

ஆகவே மெல்லியது.
பதினாறு மில்லிமீட்டர், நாக்குக்கு வளைந்துகொடுக்க
இரண்டு மூட்டு, அவற்றின் நடுவே
பயறு மாதிரி ஒரு துண்டு.
மெல்லியதெல்லாம் நீளத்தில் குட்டை,
நீளமானதெல்லாம் தடி.
வில்ஃப்ரீத் ஜெர்மனியில் சொல்லிவைத்தான். ஆறு வாரம்.
விலையை என் பூட்ஸைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

உறைபனிக் காலை.
வெறும் இரும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்று
ஸ்வெட்டருக்குள் அக்குளில் வைத்துச் சூடேற்றினேன்.
வாங்கிக்கொண்டான். மென்றான்.
நாக்கு உள்ளேயே இருந்தது.
உதட்டோரம் ஒரு காசளவு நுரை.

ஏறி, இரண்டு வார்களையும் எடுத்தேன்.
இடது வாரை லேசாகச் சுண்டினேன்.
வலப்பக்கம் திரும்பினான்.
இன்னும் சுண்டினேன்.
இன்னும் வலப்பக்கம்; முள்வேலி வரை.

காட்டில் அவனுக்கு ஒரே கயிறு.
இடப்பக்கம் மட்டும்.
நிதானமாக இழுத்தால் இடம்,
சுண்டினால் வலம்,
மற்றதெல்லாம் குரல்.
இந்த இலக்கணம் மெழுகில் பதியவில்லை.

ஓடையைத் தாண்டியதும்
காற்றில் சாய்ந்த ஊசியிலை மரம் ஒன்று கிடந்தது.
நின்றான்.
என் குதிகால் சொன்னதை விலாவிலேயே விட்டுவிட்டான்.
மெதுவாக வட்டமடித்து,
பின்புறத்தை மரத்தின் அடிப்பக்கம் கொண்டுபோய்
கச்சிதமாக நிறுத்தி,
கழுத்தைத் தாழ்த்தி,
சங்கிலி மாட்டும் சத்தத்துக்குக்
காதைப் பின்னால் திருப்பினான்.

இன்றைக்கு இழுக்க ஒன்றுமில்லை என்பதை
எந்த வாரால் சொல்வது, எத்தனை தடவை சுண்டி?

வார்களை அவன் கழுத்தில் போட்டுவிட்டு
உட்கார்ந்திருந்தேன்.
அவனும் காத்திருந்தான்,
பயறைத் திருப்பித் திருப்பி மென்றபடி.