பொருள் எண் நான்கு

ஆண்டுதோறும் பெப்ரவரி முதல் புதன்,
பிற்பகல் ஒன்றரைக்கு
நாடு முழுக்கச் சைரன் கத்தும். ஒத்திகை.
நீடர்ஷ்வாண்டில் அதற்கு
மாடுகூடத் தலை தூக்காது.
தபால்காரி ஒரு காதைத் தோளில் பொத்திக்கொண்டு
கடிதம் போட்டபடி நடப்பாள்.

அந்த ஜூலை இரவு
அது நேரத்துக்குக் கத்தவில்லை.

நான் அறையில் இருந்தேன்.
ஊர்ச்சபைக் கட்டடத்தின் இரண்டாம் மாடி.
என்னோடு ஏழு பேர், ஒரு வரைபடம், ஆறிய கோப்பி.
கூட்டக்குறிப்பு எழுதுவது என் வேலை.
எழுதுபவனுக்குக் காது இரண்டு,
வாய் கிடையாது.

21.40. தடுப்பணையின் அளவுமானி சிவப்பு என்றாள்
தீயணைப்புத் தலைவி ரெகுலா.
சைரனை அழுத்தலாமா?

ஷ்டாம்ப்ஃப்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நல்ல மனிதர். குடியுரிமை நேர்காணலில்
எனக்காகப் பேசியவர்.
பானிக் என்றார்.
என் தலைக்குள் அது பதகளிப்பு என்று வந்து விழுந்தது.
இருட்டில் எழுப்பினால் சனம் பதகளித்துப் போகும்,
இருப்பது ஒரே பாலம்,
ஒருவரை ஒருவர் மிதிப்பார்கள்,
உறுதியாகத் தெரியட்டும், ஒரு மணி நேரம் பார்ப்போம்.

பொருள் எண் நான்கு: காத்திருத்தல். ஏற்கப்பட்டது.
எழுதினேன்.

என் ஆறாம் வயதில்
ஒரு பட்டினமே ஓர் இரவில், மழையில்,
ஒடுங்கிய பாலத்தால் நடந்து கடந்தது.
நெரிசல்தான். ஆனாலும்
யாரென்று தெரியாத கிழவரை
யாரோ சைக்கிள் காரியரில் ஏற்றினார்கள்.
முன்னால் போனவர் "பள்ளம்" என்றார்,
பின்னால் வந்தவர் "பள்ளம்" என்றார்,
அந்த ஒரு சொல் கைமாறிக் கைமாறி
ஒரு மைல் தூரம் பின்னுக்குப் போனது.
இதை அந்த அறையில் சொல்லியிருக்கலாம்.

நான் செய்தது வேறு.
மேசைக்கு அடியில், கட்டைவிரலால்,
சுகிர்தாவுக்கு: தண்ணி வருது. மேல போ.

நிமிர்ந்தபோது
ஷ்டாம்ப்ஃப்லியின் தாடையில் நீல வெளிச்சம்.
பொருளாளரின் மடியிலும்.
பொறியாளர் கழிவறைக்கென்று எழுந்துபோய்
தாழ்வாரத்தில் தாயோடு தணிந்த குரலில்.
ஏழில் ஆறு பேர் வீட்டுக்குச் சொல்லியாயிற்று.
எங்கள் மனைவிமார், எங்கள் அம்மாமார்
பதகளிக்க மாட்டார்கள் என்பதில்
எங்களுக்கு ஐயமே இருக்கவில்லை.
சனம் என்பது
மற்றவர்கள் மட்டும்தான்.

ரெகுலா ஒருத்தி
கையில் போன் இல்லாமல்
வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுகிர்தா மேலே போகவில்லை.
வீட்டுச் செருப்போடு இறங்கி
எங்கள் கட்டடத்தின் பதினொரு கதவையும் தட்டினாள்,
அரைகுறை ஜெர்மனோடு.
யாரும் ஓடவில்லை.
முதலில் நம்பவே இல்லை, அதுதான் தொல்லை.
ஒருவர், பூனையைக் கொண்டுவரலாமா என்று கேட்டார்.
பெர்னார்தோவும் மகனும் சக்கர நாற்காலியை
ஆளோடு தூக்கி நான்காம் மாடிக்கு ஏற்றினார்கள்.
யாரோ ரொட்டி வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.
படிக்கட்டில் எதிரெதிரே வந்தவர்கள்
மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று
வழிவிட்டு நின்றதில்தான் தாமதமாம்.

மூலெகாஸ்ஸெயில் சுகிர்தா இல்லை.
22.25க்கு வெரேனா ட்சும்ப்ரூன்
உறைபெட்டியின் பிளக்கைக் கழற்ற
நிலவறைக்கு இறங்கினார்.
தண்ணீர் கதவைப் பிடித்துக்கொண்டது.
22.50க்குச் சைரனை அழுத்தினோம்.

செப்டெம்பரில் அறிக்கை.
ஷ்டாம்ப்ஃப்லி சொல்லச் சொல்ல எழுதினேன்:
பொதுமக்களிடையே பதற்றம் எதுவும் பதிவாகவில்லை.
அதைச் 'சரியாக நடந்தவை' என்பதன் கீழ் போடச் சொன்னார்.
போட்டேன்.
சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.
அதற்கு அறிக்கையில் தலைப்பு இல்லை.

இந்த வருடமும் அந்தப் புதன் வந்தது.
ஒன்றரைக்குக் கத்தியது.
தொழுவத்தில் மாடுகள் அசைபோட்டன.
மூலெகாஸ்ஸெயில் ட்சும்ப்ரூனின் மகன்
நிலவறைக் கதவைத் திறந்து,
விளக்கைப் போட்டு,
கொஞ்ச நேரம் கீழே பார்த்துவிட்டு
அணைத்து மூடினான்.