முப்பத்தெட்டு விழுக்காடு

டென்மார்க் தோசைக்கல்போலத் தட்டை என்பவர்கள்
வைலே நகரத்துக்கு வந்ததில்லை.
இங்கே கடற்கழி முடிந்த இடத்தில்
தெரு எழுந்து நிற்கிறது.
வீடுகள் பள்ளத்தில். இடுகாடு மேட்டில்.

என் பெயர் சோல்வை.
சவப்பெட்டி சுமக்கும் சைக்கிள் ஓட்டுகிறேன்.
மூன்று சக்கரம், முன்னால் நீளப் பலகை,
மிதிகளுக்கு நடுவில் மோட்டார், சீட்டுக்கு அடியில் பேட்டரி.
கறுப்புக் கார் வேண்டாம் என்பவர்கள் கூப்பிடுகிறார்கள்.
யாரும் சாகாத வாரத்தில் இதே பலகையில்
தம்பியின் ரொட்டிக்கடைக்கு மாவு மூட்டை போகும்.
கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

அன்று பெட்டிக்குள் எஸ்கில்.
தபால்காரர்.
முப்பத்தொரு வருஷம் இந்த மேட்டில்
மோட்டார் இல்லாத சிவப்புச் சைக்கிளை மிதித்தவர்.
மின்சாரச் சைக்கிளில் எவராவது முந்தினால்
"அழுகுணி ஆட்டம்!" என்று கத்துவாராம்.
காதில் விழாது.
முந்திப் போனவர்கள்தானே.

மனைவி வீபெகே தொலைபேசியில் சொன்னார்:
"அதிலேயே போகட்டும்.
எதிர்த்துப் பேச இப்போது வாய் இல்லை."

என் முதல் பேட்டரி ஈயம்.
இரண்டு கையாலும் அணைத்து மாடிக்குத் தூக்குவேன்,
மறுநாள் பாதி வழியில் உயிரை விடும்.
அந்தக் காலத்து மோட்டாருக்கு இரண்டே புத்தி:
ஓடு, நில்.
கைப்பிடியைத் திருகினால் துள்ளும்.
மாவு ஏற்றலாம். மனிதரை ஏற்ற முடியாது.
லித்தியம் வந்தது, எடை பாதிக்கும் கீழே இறங்கியது.
பிறகு மிதியின் அச்சுக்குள் ஓர் உணரி வந்தது.
கால் எவ்வளவு அழுத்துகிறதென்று அதற்குத் தெரியும்.
நான் ஒரு பங்கு போட்டால் அது இரண்டு பங்கு.
நான் சும்மா இருந்தால் அதுவும் சும்மா.
இதை எஸ்கிலிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.
சொல்லியிருப்பார்கள்.

ஜனவரி. மைனஸ் மூன்று.
குளிரில் பேட்டரி சுணங்கும் என்பதால்
இரவு அதைப் படுக்கையறையில் வைத்திருந்தேன்.
காலையில் கம்பளி உறை போட்டேன்.

மேட்டின் அடியில் எல்லோரும் நடக்கத் தொடங்க
நானும் இறங்கினேன்.
தள்ளுகிறவருக்கு உதவ ஒரு பொத்தான் உண்டு:
மணிக்கு ஆறு கிலோமீட்டர்.
அதற்கு மேலே சட்டம் விடாது.
அதற்குக் கீழே மோட்டாருக்குத் தெரியாது.
இன்னும் மெதுவாகப் போக ஆசைப்படும் ஆள்
அதைச் செய்தவர்களின் மனதில் வரவே இல்லை.

ஆறு என்பது என் நடை.
வீபெகேவின் முழங்காலுக்கு இரண்டே அதிகம்.

சற்று நேரத்தில் எஸ்கில் முன்னால் போய்விட்டார்.
பின்னால் அறுபது பேர் மூச்சிரைக்க,
பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.
"சோல்வை, அவரை முந்த விடாதே!"
வீபெகேதான் கத்தினார்.
யாரோ சிரித்தார்கள்,
சிரித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள்.

விரலை எடுத்தேன். நின்றது.
அழுத்தினேன். நகர்ந்தது.
எடுத்தேன், அழுத்தினேன், எடுத்தேன்,
ஒரு வேலிக்கதவு, ஒரு நிறுத்தம்,
அடுத்த வேலிக்கதவு, இன்னொரு நிறுத்தம்,
அப்படித்தான் ஏறினோம்.
ஐந்தாவது வீட்டில்தான் எனக்கு உறைத்தது
இது யாருடைய வேகம் என்று.
பதினேழாம் எண்ணில் நாய் குரைத்தது,
வாலையும் ஆட்டியது.

மேலே, எல்லாம் முடிந்தபின்,
வீபெகே என் திரையை எட்டிப் பார்த்தார்.
"எவ்வளவு குடித்தார்?"
முப்பத்தெட்டு விழுக்காடு.
"காசில்?"
ஒரு குரோனாகூட வராது என்றேன்.
கையுறையைக் கழற்றி, பர்ஸைத் துழாவி,
நடுவில் ஓட்டையுள்ள குரோனா நாணயத்தை
என் உள்ளங்கையில் அழுத்தினார்.
"மீதியை வைத்துக்கொள்.
அவர் யாருக்கும் கடன் வைத்ததில்லை."

இறக்கத்தில் மோட்டாருக்கு வேலை இல்லை.
காலிப் பலகை கடகடக்க
பிரேக்கைப் பிடித்தபடி வந்தேன்.
பதினேழாம் எண் நாய்
வேலிக்கு வந்து பலகையை மோந்து பார்த்தது.
குரைக்கவில்லை.