இரண்டு எழுத்து

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு,
தொயாமா ரயிலடிக்குப் பின்னால்
ஒரு நூடுல்ஸ் கடையின் மாடி.
வெள்ளைத் துணிமேல் ஐந்து வாள்கள்.
காம்புகளை மட்டும் சுற்றிக் கட்டியிருக்கும்;
செய்தவன் பெயர் அங்கேதான் வெட்டியிருக்கும்.

கூர் பார்த்து, வளைவு பார்த்து,
யார் அடித்தது என்று சீட்டில் எழுத வேண்டும்.
நடத்துநர் கிதமோரி மூன்றில் ஒன்று சொல்வார்:
பட்டது.
வழி சரி.
இல்லை.

மோதிரம் கழற்ற வேண்டும். கைக்கடிகாரமும்.
வாள் கையில் இருக்கையில் வாய் திறக்கக் கூடாது,
எச்சில் ஒரு துளி போதும்
நானூறு வருஷத்தைத் துரு தின்னத் தொடங்க.
இரும்பு பிடித்த கை சும்மா இராது என்பது சரிதான்;
சும்மா இருக்கப் பழகவே
எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

நான் பல் கட்டுகிறவன்.
மருத்துவமனைப் பின்னறையில்
அசலென்று ஊர் நம்பும்படி
பொய்ப்பல்லுக்கு நிறம் கலப்பது என் பிழைப்பு.
கிராம்பு எண்ணெய் வாசத்தோடு வீடு திரும்பி
கிராம்பு எண்ணெய் எடுத்து வாளுக்குப் பூசுவேன்.
"இது பல்லா, வாளா?" என்பாள் சிஸுரு
ஜன்னலைத் திறந்தபடி.

கார் மாற்ற வைத்திருந்த பணம் அது.
கனஸாவா வியாபாரி பதிவுச் சீட்டை நீட்டிவிட்டு
காம்பைக் காட்டினான்.
கறுத்த துரு, இரண்டு எழுத்து,
பெரிய பெயர்.
விலை சின்னது.
சின்ன விலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது,
நான்தான் காது கொடுக்கவில்லை.

தோக்கியோவுக்கு அனுப்பினேன். ஒற்றை வரியில் திரும்பி வந்தது:
பொய்க் கையெழுத்து.

"அராவி எடுத்துவிடுங்கள்," என்றான் வியாபாரி ஃபோனில்.
"பெயரில்லாத வாளுக்குச் சான்றிதழ் உண்டு,
பொய்ப் பெயருக்குத்தான் இல்லை."
அந்த வாரம் பழைய கார்
பனியில் மூன்று முறை உறுமிவிட்டு நின்றது.
சிஸுரு ஒன்றும் சொல்லவில்லை.
டாக்ஸி கூப்பிட்டாள்.

ஓர் உறையில் இரண்டு வாள் இராது.
என் வாளில் இரண்டு ஆட்கள் இருந்தார்கள்.
ஒருவன் அடித்தான், பெயர் வைக்காமல் போனான்.
ஒருவன் அடிக்காமல் பெயர் வைத்தான்.
இரண்டாமவனையே நினைத்துக்கொண்டிருந்தேன்:
கடன் இருந்திருக்கும். அல்லது வெறும் ஆசை.
கடைசி வெட்டில் உளி வழுக்கியிருக்கிறது.
அந்த நடுக்கம் எனக்குத் தெரியும்;
கல்யாணப் பெண் ஒருத்தியின் முன்பல்லுக்கு
நிறம் கலக்கையில் எனக்கும் வந்தது.

இந்த ஞாயிறு, காம்பைச் சுற்றிக் கட்டி
நான்காவதாக என்னுடையதை வைத்தேன்.
விடை என்னிடமும் இல்லை என்பது
கிதமோரிக்கு மட்டும் தெரியும்.

உஷிஜிமா, மீன் ஏலக் கணக்கர்,
குண்டு பல்பை நோக்கி வாளைச் சாய்த்தார்;
மீனின் செவுளைப் பார்ப்பது போல அவ்வளவு சீக்கிரம் பார்த்தார்,
எழுதினார்.
மற்றவர்களும் எழுதினார்கள்.
ஒன்பது சீட்டு, ஏழு பெயர்.
காம்பில் இருந்ததை ஒருவரும் எழுதவில்லை.

ஒன்பதாவது சீட்டில் பெயரே இல்லை.
பஸ் ஓட்டும் மினகாவா எழுதியிருந்தாள்:
தெரியவில்லை. இன்னொரு முறை பார்க்கலாமா?

பார்த்தாள்.
நுனிக்கு ஒரு சாண் கீழே
தோய்ச்சல் கோடு உடைந்து மறுபடி சேரும் இடத்தில்
அவள் கை நின்றுவிட்டது.
கீழே யாரோ சூப் உறிஞ்சும் சத்தம்.
வாளை வைத்து, வணங்கி, நகர்ந்து வந்த பிறகே பேசினாள்:
"காலை முதல் நடையில்
பஸ் கண்ணாடியில் மூச்சுப் பட்டு
ஓரத்திலிருந்து தெளியுமே, அது."
அவ்வளவுதான். அடுத்த வாளுக்குப் போய்விட்டாள்.

துணியை அவிழ்த்தேன்.
பெயரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள்,
நானும்.
உஷிஜிமா மட்டும் சிரிக்காமல்
துருவை ஒட்டி மூக்கை வைத்து
"இந்தப் பொய்க்கே இருநூறு வயசு இருக்கும்" என்றார்.

இரவு கிராம்பு எண்ணெய் பூசி,
காம்பைத் தொடாமல்,
பிடிக்குள் செருகி
மூங்கில் முளையை அடித்து மூடினேன்.
அரம் மேசை இழுப்பறையில், பல் அச்சுகளுக்குக் கீழே.

"பட்டதா?" என்றாள் சிஸுரு, ஜன்னலருகில்.
"வழி சரி."
"நாளைக்கும் டாக்ஸியா?"
டாக்ஸிதான்.